நோட்டோ உறுப்பு தான பதிவு: ஆன்லைன்ல ஈஸியா முடிஞ்சிடும், வீட்ல சொல்றதுலதான் விஷயமே இருக்கு

உறுப்பு தானத்துக்கு பேர் கொடுக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு ஆனா எங்க போயி என்ன பண்றதுன்னு தெரியாம இருக்கறவங்களுக்காக இத எழுதுறேன். மத்திய அரசோட தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பு, சுருக்கமா நோட்டோ, 2023 செப்டம்பர்ல ஆதார் வச்சு ஆன்லைன்லயே பதிவு பண்ற வசதி கொண்டு வந்தாங்க, நான் அதுலதான் பண்ணேன். பதினெட்டு வயசு ஆன யாரும் பண்ணலாம், பைசா செலவு இல்ல.

பண்றது ரொம்ப சிம்பிள். ஆதார் நம்பர் போட்டா அதோட லிங்க் ஆகி இருக்கற மொபைலுக்கு ஓடிபி வரும், அதனால பழைய நம்பர் ஆதார்ல இருந்தா மொதல்ல அத மாத்திட்டு வாங்க. அப்புறம் எந்தெந்த உறுப்பு கொடுக்க சம்மதம்னு கேக்கும். இதயம், நுரையீரல், கல்லீரல், கிட்னி, கணையம், குடல் எல்லாம் ஒரு பக்கம், கருவிழி, தோல், எலும்பு, இதய வால்வு, ரத்தக்குழாய் இதெல்லாம் திசுன்னு தனியா. எல்லாத்தையும் கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல, வேணுங்கறத மட்டும் டிக் பண்ணிக்கலாம். கடைசியா அவசரத்துக்கு யாரக் கூப்பிடணும்னு ஒரு பேரும் நம்பரும் கேக்கும், கொடுத்தா சர்டிஃபிகேட் வந்துரும், டவுன்லோட் பண்ணி வச்சுக்கலாம். பின்னாடி மனசு மாறினா வாபஸ் வாங்கவும் வழி இருக்கு. இது முக்கியம், ஏன்னா ஒரு தடவ கையெழுத்து போட்டா அவ்ளோதான்னு நெனச்சே நெறைய பேரு தள்ளிப் போட்டுட்டே இருக்காங்க.

வெப்சைட்டுக்கு தாராளமா முழு மார்க் கொடுக்கலாம். ஆனா சர்டிஃபிகேட் கைல வந்ததோட வேலை முடிஞ்சிச்சுன்னு தயவு செஞ்சு நெனச்சிடாதீங்க. நம்ம நாட்டுல நடைமுறை என்னன்னா, நீங்க எத்தன கார்டு வச்சிருந்தாலும் அந்த நேரத்துல குடும்பத்துல நெருங்கினவங்க சம்மதம் எழுதிக் கொடுத்தாதான் உறுப்பு எடுப்பாங்க, அவங்க வேணாம்னு சொல்லிட்டா அதோட விட்டுடுவாங்க. நீங்க பதிவே பண்ணலன்னாலும் குடும்பம் சரின்னு சொன்னா தானம் நடக்கும். 2008ல திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரன் விஷயம் ஞாபகம் இருக்கும், பைக் விபத்துல மூளைச்சாவு ஆன பதினஞ்சு வயசுப் பையன், தேனாம்பேட்டைலேருந்து முகப்பேருக்கு ரோட்டையே காலி பண்ணி அந்தப் பையனோட இதயத்தக் கொண்டு போயி ஒரு ஒம்பது வயசு பொண்ணுக்கு வச்சாங்க. அந்தப் பையன் எந்தப் படிவத்துலயும் கையெழுத்து போட்டதில்ல, போடற வயசும் இல்ல. டாக்டர்களா இருந்த அவங்க அம்மா அப்பா அந்த நெலமையிலயும் சரின்னு சொன்னதுனாலதான் அது நடந்துச்சு, தமிழ்நாடே உறுப்பு தானத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சது அப்பத்தான்.

அதனால நான் ஆன்லைன்ல பண்ணது போதாதுன்னு படிவம் 7யும் பிரிண்ட் எடுத்தேன். அது பழைய பேப்பர் வழி, ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும், அதுல ஒருத்தர் நெருங்கின சொந்தமா இருக்கணும். பலருக்கு இது தொந்தரவாத் தெரியும், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது, ஏன்னா இந்தப் பேப்பர் இருந்தா வீட்ல யாருகிட்டயாவது சொல்லாம நீங்க தப்பிக்கவே முடியாது. ஆன்லைன்ல ராத்திரி யாருக்கும் தெரியாம பண்ணிட்டு போன்லயே சர்டிஃபிகேட்ட வச்சுட்டுப் போயிட்டா, அந்த போனோட லாக்கக் கூட வீட்ல யாருக்கும் எடுக்கத் தெரியாது.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அம்மா அவரைக்காய்க்கு நார் எடுத்துட்டு இருந்தாங்க, என் வீட்டுக்காரர் பேப்பர் படிச்சிட்டு இருந்தாரு, அண்ணனும் வந்திருந்தாரு, அப்ப சொன்னேன். அம்மா நார் எடுக்கறத நிறுத்திட்டு "ஏண்டி, விளக்கேத்தற வீட்ல பேசற பேச்சா இது"ன்னாங்க. கொஞ்ச நேரம் யாரும் ஒண்ணும் பேசல. அப்புறம் அவங்களே "ஒடம்ப முழுசா கொடுப்பாங்களா, காரியம் பண்ண விடுவாங்களா"ன்னு கேட்டாங்க. கொடுப்பாங்கம்மா, ஆபரேஷன் பண்ற மாதிரியே ஆபரேஷன் தியேட்டர்ல வச்சு எடுத்துட்டு தையல் போட்டு தருவாங்க, சட்டை போட்டா வெளிய எதுவும் தெரியாது, எல்லா சடங்கும் பண்ணலாம், அந்த ஆபரேஷனுக்கு வீட்டுக்காரங்க கிட்ட காசும் வாங்கக்கூடாதுன்னு சொன்னேன். ஒண்ண மட்டும் மறைக்காம சொன்னேன், சரின்னு சொன்னதும் ஒடனே ஒடம்பு கைக்கு வராது, டெஸ்ட் எடுக்கணும், யாருக்குப் பொருந்துதுன்னு பாக்கணும், விபத்துன்னா போலீஸ், போஸ்ட்மார்ட்டம் எல்லாம் இருக்கு, ஒரு நாள் கூட ஆகலாம். இத முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது, வாசல்ல சொந்தக்காரங்க எல்லாம் "எப்ப எடுக்கறீங்க எப்ப எடுக்கறீங்க"ன்னு கேக்கற நேரத்துல புதுசா தெரிஞ்சா தாங்க முடியாது.

வீட்டுக்காரர் கேட்டது வேற. "நெஞ்சு ஏறி எறங்கிட்டு இருக்கும், கை தொட்டா சூடா இருக்கும், அப்பவே கையெழுத்து போடச் சொல்வாங்களா?" இதுக்கு ஆமான்னுதான் பதில், மழுப்பறதுக்கு ஒண்ணும் இல்ல. வென்டிலேட்டர் காத்த உள்ள தள்ளுது அதனால நெஞ்சு அசையுது, இதயம் தன் பாட்டுக்கு கொஞ்ச நேரம் துடிக்கும், ஆனா மூளைத்தண்டு செத்துப் போச்சு, திரும்பி வர வழியே கிடையாது. கோமா வேற, இது வேற. 1994 மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி இத ஒரு டாக்டர் மட்டும் சொல்லிட முடியாது, நாலு டாக்டர் சேந்து சொல்லணும், அந்த நாலு பேரும் உறுப்பு மாத்தற டீம்ல இருக்கக் கூடாது, டெஸ்ட்ட ஒரு தடவ பண்ணி கொறஞ்சது ஆறு மணி நேரம் விட்டு இன்னொரு தடவ பண்ணணும். அதுல ஒண்ணு வென்டிலேட்டர கழட்டிட்டு தானா மூச்சு விடறாங்களான்னு பாக்கறது. இதக் கேட்டப்புறம் அவரு ரொம்ப நேரம் பேப்பர மடிச்சு மடிச்சு வச்சிட்டு இருந்தாரு, கடைசில பேனா கேட்டாரு. தோல்ங்கற எடத்துல மட்டும் நின்னு "இது எதுக்கு"ன்னாரு. தொடை, முதுகுல மெல்லிசா மேலாப்புல எடுப்பாங்க, தீக்காயம் பட்டவங்களுக்கு போடறதுக்குன்னு சொன்னதும் கையெழுத்து போட்டுட்டாரு.

அண்ணனோட கவலை நம்ம ஊர்ல நெறைய பேருக்கு இருக்கற கவலைதான், கார்டு இருக்குன்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரில ஒழுங்கா வைத்தியம் பாக்க மாட்டாங்கன்னு. வைத்தியம் பாக்கற டாக்டர் கார்டு இருக்கான்னு தேட மாட்டாரு, தானத்தப் பத்தின பேச்சே மூளைச்சாவுன்னு உறுதி பண்ண அப்புறம்தான், அதையும் கோஆர்டினேட்டர்னு இதுக்குன்னே பயிற்சி எடுத்த ஒருத்தர் வந்து பேசுவாங்க. எடுத்த உறுப்பு யாருக்குங்கறதயும் ஆஸ்பத்திரி தன் இஷ்டத்துக்கு முடிவு பண்ண முடியாது, நம்ம மாநிலத்துல டிரான்ஸ்டான் ஆணையம்தான் காத்திருப்போர் பட்டியல வச்சு வரிசைப்படி ஒதுக்கும். 2024ல மட்டும் தமிழ்நாட்டுல 268 பேரோட குடும்பங்கள் சரின்னு சொல்லி கொடுத்திருக்காங்க. 2023லேருந்து உறுப்பு தானம் பண்ணவங்களுக்கு அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு நடக்குது, கலெக்டரோ பெரிய அதிகாரியோ வந்து மாலை வைக்கறாங்க. அந்த வீட்டு ஆளுங்களுக்கு அது எவ்ளோ பெரிய ஆறுதலா இருக்கும்னு நெனச்சாலே எனக்குக் கண்ணு கலங்குது.

அண்ணன் முழுசா ஒத்துக்கல, ஒத்துக்கணும்னு நானும் வற்புறுத்தல. அந்த நேரம் வந்தா குறுக்க நிக்க வேணாம்னு மட்டும் கேட்டிருக்கேன். ஐசியூ வாசல்ல வீட்டுக்காரர் சரின்னு சொல்லி கூடப்பொறந்தவங்க வேணாம்னு சத்தம் போட்டா எந்த ஆஸ்பத்திரியும் மேற்கொண்டு போகத் தயங்கும், அதனால முடிவு சொல்லக்கூடிய எல்லாருகிட்டயும் தனித்தனியா சொல்லி வைங்க. வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது.

இன்னொண்ணும் சொல்லணும். உறுப்பு தானம் பெரும்பாலும் ஐசியூல மூளைச்சாவு ஆனாதான் முடியும், அது ரொம்பக் கொஞ்சம் பேருக்கு நடக்கறது. வயசாகி வீட்ல இறந்துட்டா இதயம், கல்லீரல் எல்லாம் கொடுக்க முடியாது, ஆனா கண்ணு கொடுக்கலாம். சுகர், பிபி, கண்ணாடி, கேட்டராக்ட் ஆபரேஷன் எதுவும் தடை இல்ல. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், கண் வங்கிக்காரங்களே வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போவாங்க, முகம் மாறாது. வர்ற வரைக்கும் கண்ண மூடி ஈரப்பஞ்சு வச்சு, தலைக்கு தலகாணி குடுத்து, ஃபேன ஆஃப் பண்ணிடணும். கண்ண எடுத்தா அடுத்த பொறவில குருடாப் பொறப்பேன்னு பயந்த எங்க அம்மாவுக்கு நான் ஒண்ணும் விளக்கம் சொல்லல, எதுத்த வீட்டு மாமாவே "சாமிக்கு கண்ணப்பர் கண்ணப் பிடுங்கிக் குடுத்தாரே, அவரு என்ன கெட்டா போனாரு"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. பக்கத்து கண் வங்கி நம்பர சமையக்கட்டு அலமாரி உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கேன், கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழ, அழுதுட்டு இருக்கற நேரத்துலயும் கண்ணுல படற மாதிரி.

டிரைவிங் லைசென்ஸ் அப்ளிகேஷன்லயும் உறுப்பு தானத்துக்கு சம்மதமான்னு ஒரு கேள்வி இருக்கும், மோகன் ஃபவுண்டேஷன் மாதிரி தொண்டு நிறுவனங்கள் கார்டும் கொடுக்கறாங்க, எதுவா இருந்தாலும் சரிதான். ஆனா முழு உடல் தானம்னு மெடிக்கல் காலேஜுக்கு கொடுக்கறது வேற பதிவு, அத அந்தந்த காலேஜ் அனாடமி டிபார்ட்மென்ட்லதான் பண்ணணும், உறுப்பு எடுத்துட்டா பொதுவா உடம்ப அவங்க வாங்கிக்க மாட்டாங்க, கண்ணு மட்டும் எடுத்திருந்தா வாங்கிப்பாங்க. இதையும் சேத்து வீட்ல தெளிவா சொல்லிடுங்க.

என் ரேட்டிங்: நோட்டோ ஆன்லைன் பதிவு அஞ்சுக்கு அஞ்சு. பண்ணி முடிச்சதும் சர்டிஃபிகேட்ட வீட்டு வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டு விட்டுடாதீங்க, ஒரு பிரிண்ட் எடுத்து இன்ஷூரன்ஸ் பேப்பர், ரேஷன் கார்டு இருக்கற ஃபைல்ல வைங்க, வச்ச எடத்த ரெண்டு பேருக்காவது நேர்ல காட்டுங்க.