மதகு வைப்பதா, வாய்க்காலைத் தூர்ப்பதா?

ஆற்று வெள்ளச் சமவெளியில் வடிந்துபோன சதுப்பை மீட்க இறங்கினால், முதல் கூட்டத்திலேயே இந்தக் கேள்வி எழும். பழைய வடிகால் வாய்க்காலில் மதகு கட்டி நீர்மட்டத்தை நம் கையில் வைத்துக்கொள்வதா? இல்லை, வாய்க்காலையே தூர்த்து, கரையை இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிட்டு, ஆறு தன் போக்கில் ஏறி இறங்கட்டும் என்று விடுவதா? நாங்கள் பார்த்துக்கொள்ளும் காப்பிடத்தில் ஒரு பக்கம் பல வருடமாக மதகுகள் இருக்கின்றன. மறுபக்கம் தூர்த்து நான்கு வெள்ளக் காலம் ஆகிறது. மிச்சத்தையும் தூர்த்துவிடலாம் என்று கைதூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

மதகின் பலன் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாத்துக்கு வேண்டியபோது நீரை நிறுத்தலாம், உள்ளான்களுக்குச் சேறு தெரியும்படி இறக்கலாம். ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்கா, 29 சதுர கிலோமீட்டரில் கரையும் மதகுமாகப் பிரித்து வைத்த இடம். அங்கே பறவைகள் குவிந்ததற்கு அந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் அஜான் அணைக்கட்டிலிருந்து நீர் வராத வருடத்தில் மதகைத் திறந்து என்ன, மூடி என்ன? 1982இல் மேய்ச்சலைத் தடுத்த பிறகு அங்கே பாஸ்பாலம் புல் நீர்ப்பரப்பை அடைத்துக்கொண்ட கதையும் உண்டு. அதுவரை எருமைகள் தின்றே அதைக் கட்டுக்குள் வைத்திருந்தன. நீர்மட்டத்தை நாம் கையில் எடுத்தால் புல்லையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதாகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு ஒன்றுதான். எங்கள் மதகு ஒன்றில் காடியில் இறக்கிய எட்டுப் பலகைகள். வெயிலில் சுருங்கி ஒழுகும், வெள்ளத்தில் ஊறி இறுகும். நீர் ஏறும் இரவில் மேல் பலகையைக் கழற்ற இரண்டு பேர் இரும்புக் கொக்கியோடு நின்று ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டும். பின்னால் தண்ணீர் அழுத்த அழுத்த அது அசையாது. வெள்ளம் வடிந்த பிறகு அடிக்கல்லில் முழங்கால் ஆழத்துக்கு வண்டல் கிடக்கும், அதை வாரினால்தான் அடுத்த முறை பலகை உட்காரும். பக்கவாட்டில் மண் அரித்து ஓட்டை விழுந்தால் கல்லும் களிமண்ணும் ஏற்றிய வண்டி உள்ளே வரவேண்டும். வண்டி வரப் பாதை வேண்டும், அந்தப் பாதைக்கும் பராமரிப்பு வேண்டும். மனிதக் கை படாத வனாந்தரமாக வைத்திருப்போம் என்று அறிவித்த நிலத்துக்குள் ஒவ்வொரு வருடமும் இது நடக்கிறது. அமெரிக்காவின் 1964 வனாந்தரச் சட்டம் அத்தகைய பகுதிகளில் மோட்டார் வண்டியையும் இயந்திரக் கருவிகளையும் தவிர்க்க முடியாத தேவைக்கு மட்டுமே அனுமதிக்கிறது. அந்தக் கட்டுப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது.

தூர்ப்பதற்கும் இயந்திரம் வரத்தான் வேண்டும், ஆனால் ஒரு பருவம் வந்து போய்விடும். வாய்க்கால் வெட்டிய காலத்தில் கரையோரம் குவித்த மண்ணையே திருப்பித் தள்ளினோம். மண் அமரும் என்று தரைக்கு மேலே கொஞ்சம் மேடாகவே போட்டோம். அப்படியும் முதல் வெள்ளத்தில் ஓரிடத்தில் நீர் ஓரமாகப் புகுந்து அறுத்துவிட்டது. மறுபடி அடைத்தோம். மூன்றாம் வெள்ளத்திலிருந்து மண்வெட்டி எடுக்கவில்லை. யாரும் விதைக்காமலே கோரை முளைத்தது, விதை மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்க வேண்டும். ஏறும் நீரோடு மீன் உள்ளே வந்து, இறங்கும் நீரோடு குஞ்சுகள் ஆற்றுக்குத் திரும்புவதை வெட்டிவிட்ட கரையில் நின்று பார்த்திருக்கிறேன். மதகுப் பக்கம் அந்தப் போக்குவரத்து பலகையோடு நின்றுவிடும்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிம்மி ஆறு. சுமார் 166 கிலோமீட்டர் வளைந்து ஓடியதை 1962 முதல் 1971 வரை வெட்டி, 90 கிலோமீட்டர் நேர்க் கால்வாயாக்கினார்கள். சமவெளி வறண்டது, நீர்ப்பறவைகள் வெகுவாகக் குறைந்தன. 1999இல் தூர்க்கத் தொடங்கி 2021இல் முடித்தார்கள். கால்வாயில் சுமார் 35 கிலோமீட்டர் மூடப்பட்டது. பழைய வளைவுகளில் மறுபடி நீரோட்டம் வந்தது, அடியில் படிந்திருந்த கசடு அடித்துப் போனது, கொக்கும் நாரையும் திரும்பின. ஆனால் தலைமாட்டு ஏரியிலிருந்து நீர் விடுவது இன்றும் ஷட்டர் வழியாகத்தான். மேலே அணை இருக்கும் ஆற்றில் 'தன் போக்கு' என்பது முழுதாகக் கிடைப்பதில்லை.

நான்கு வெள்ளம் பெரிய அனுபவம் இல்லை. தொடர் வறட்சியில் எங்கள் தூர்த்த பக்கம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. திறந்த கரை வழியாக ஆகாயத்தாமரையும் சேர்ந்தே வருகிறது, இரண்டு முறை கையால் வாரினோம். ஆற்றுப் படுகையே ஆழமாக அறுந்து கிடக்கும் இடத்தில் கரையை வெட்டினாலும் நீர் ஏறாது. அங்கே மதகை விட்டால் வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. தூர்த்த பக்கத்திலும் எங்கள் எல்லையோரத்தில் ஒரே ஒரு மதகை எடுக்காமல் வைத்திருக்கிறோம். அதற்குப் பின்னால் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.