பழைய லித்தியம் பேட்டரி: காயலான் கடையா, ஷோரூமா, மறுசுழற்சி ஆலையா?

போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் டிவிஎஸ் என்று மின் ஸ்கூட்டர் செய்து அனுப்புகிற மாவட்டம் கிருஷ்ணகிரி. ஆனால் ஓய்ந்துபோன பேட்டரியை எங்கே கொடுப்பது என்று கேட்டால், பலரும் காயலான் கடைக்குத்தான் கை காட்டுகிறார்கள்.

அதற்குக் காரணம் பழைய இன்வெர்ட்டர் பேட்டரி. அதில் இருப்பது ஈயம்; எடை போட்டவுடனே காசு. லித்தியம் பேட்டரியில் விலைபோவது கோபால்ட்டும் நிக்கலும். இப்போது நிறைய வண்டிகளில் வரும் இரும்பு பாஸ்பேட் வகையில் இரண்டுமே கிடையாது, அதனால் பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம். அதைவிட மோசம், அங்கே உளியும் சுத்தியலும் வைத்துப் பிரிப்பார்கள். செல்லுக்குள் இரண்டு முனைகளையும் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் மட்டும்தான். அது கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகி, சூடு சூட்டை வளர்த்து, பக்கத்துச் செல்லுக்கும் தாவும். அணைந்ததாக நினைத்த தீ மறுபடியும் பிடிக்கலாம்.

ஷோரூமில் காசு கிடைக்காமலே போகலாம். இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. "நாங்க வாங்குறதில்ல சார்" என்று கடைப்பையன் சொன்னால், கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் பதிந்துவிடுங்கள். கொடுக்கும்போது ரசீது கேளுங்கள்.

மறுசுழற்சி ஆலைக்கு நேராகக் கொடுப்பது, டிரம் கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் செல்போன் கடைக்கோ கல்லூரிக்கோ சரி. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற ஆலைதானா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஒற்றை பேட்டரிக்காக கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டிப் போவது வீண் அலைச்சல். குப்பை வண்டி? பேச்சே வேண்டாம், அழுத்தி நசுக்கும் வண்டியில் அது தீப்பொறி.

கொண்டுபோவதிலும் இதே கேள்விதான். டவுன் பஸ்ஸில் சீட்டுக்கடியில் வைப்பது கூடாது; புகை வந்தால் அத்தனை பேருக்கும் ஒரே படிக்கட்டுதான். பார்சலில் 'பழைய ஸ்பேர்' என்று எழுதி அனுப்புவது அதைவிடத் தப்பு, தூக்கிப் போடுகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஸ்கூட்டர் பேட்டரி என்றால் திறந்த லோடு ஆட்டோதான் சரி, அதுவும் வெயில் ஏறுவதற்கு முன். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, சாவி, ஸ்பேனர் எதுவும் உரசாமல் தனியாக வையுங்கள். சார்ஜ் பாதிக்கும் கீழே இருக்கட்டும்.

உப்பிப்போன பேட்டரி என்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறும். சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். சின்னது என்றால் இரும்பு வாளியில் காய்ந்த மணல் போட்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு, விற்றவர்களையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைக்கும் யோசனை ஒன்று சுற்றுகிறது. பெரிய பேட்டரியில் சார்ஜ் முழுதாக இறங்குவதற்கு முன்பே முனை அரித்துப்போகும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். அதைச் செய்யாதீர்கள்.