பேட்டரி லைட் எரிஞ்சா பேட்டரி போச்சுன்னு அர்த்தம் இல்லங்க, 6,200 ரூவா கொடுத்து தெரிஞ்சுகிட்டேன்

கார் வச்சிருக்கவங்க இதை கொஞ்சம் படிச்சிடுங்க. கடை பேரு போட மாட்டேன், கேக்காதீங்க. திருச்சில பைபாஸ் பக்கம் ஒரு பேட்டரி கடை, அவ்ளோதான்.

என்னோடது 2015 மாடல் டீசல் வண்டி. ஒரு வாரமாவே ஓட்டிட்டு இருக்கும்போது மீட்டர்ல அந்த செவப்பு பேட்டரி படம் மங்கலா எரியும், ஆக்சிலேட்டர் கொடுத்தா அணைஞ்சிடும், சிக்னல்ல நின்னா திரும்ப எட்டிப் பாக்கும். நானும் கண்டுக்கல, தப்புதான். ஒரு திங்கக்கிழமை காலைல சாவிய திருப்புறேன், டக் டக் டக்குனு சத்தம் மட்டும் வருது, செல்ஃப் எடுக்கல. பக்கத்து வீட்டு வண்டில ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணி நேரா அந்த கடைக்கு விட்டேன்.

கடைக்காரர் இன்ஜின ஆஃப் பண்ண சொல்லி பேட்டரில வோல்ட் மீட்டர் வச்சாரு, 11.8 வோல்ட். அப்புறம் லோடு டெஸ்டர (பேட்டரில இருந்து நிறைய கரண்ட இழுத்து பாக்குற கருவி) வச்சு அமுக்குனாரு, முள்ளு சர்ருனு செவப்புக்கு போச்சு. "சார் ஒரு செல் அவுட்டு, அதான் பேட்டரி லைட்டே எரியுதுல்ல"ன்னாரு. வாங்கி 20 மாசம்தான் ஆச்சு, வாரண்டி இருக்கேன்னு கேட்டதுக்கு, "அனுப்பலாம் சார், 15 நாளாகும், அதுவரைக்கும் வண்டி நிக்கும்"னு கூலா சொல்றாரு. எனக்கு ஆபீஸ் அவசரம். பழசுக்கு 900 கழிச்சுகிட்டு 6,200 வாங்கிட்டு புது பேட்டரி மாட்டி விட்டாரு. வண்டியும் ஒரே அடில ஸ்டார்ட் ஆயிடுச்சு, நானும் சந்தோஷமா போயிட்டேன். இன்ஜின் ஓடுறப்ப மீட்டர் வைக்கவே இல்லைங்கிறது அப்ப எனக்கு உறைக்கல.

வெள்ளிக்கிழமை ராத்திரி குடும்பத்தோட திண்டுக்கல் கிளம்புனோம். மணப்பாறைக்கு முன்னாடியே ஹெட்லைட் மஞ்சளா போக ஆரம்பிச்சுது, ஏசி ஃபேன் மெதுவாச்சு, அடுத்து ஏபிஎஸ் லைட்டு, பாட்டு நின்னுச்சு, ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆச்சு, எப்படியோ ஓரம் கட்டுறதுக்குள்ள இன்ஜினும் நின்னுடுச்சு. பின்னாடி லாரி சர்ரு சர்ருனு போகுது, பார்க்கிங் லைட் போடக்கூட கரண்ட் இல்ல, அம்மா வேற பின்சீட்ல. என் செல்போன் டார்ச்ச அடிச்சுகிட்டு முக்கா மணி நேரம் ரோட்டோரம் நின்னேன். ரெக்கவரி வண்டிக்கு 3,500.

அங்க பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது, டைனமோன்னும் சொல்வாங்க) மொத்தமா மாத்தணும், 18,000 ஆகும்னாங்க. சரின்னு சொல்ல வாயெடுத்தேன், வீட்டம்மாதான் "போன தடவையும் இப்படித்தான் அவசரப்பட்டீங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னா. வண்டிய திருப்பி திருச்சிக்கே கொண்டு வந்து, தெரிஞ்ச ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரு பாய்கிட்ட விட்டேன்.

பாய் மொதல்ல பேட்டரிய எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டாரு. அப்புறம் மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, ஓடிட்டு இருக்கும்போதே மீட்டர வச்சாரு. 12.4. பாத்துட்டு இருக்கும்போதே 12.3, 12.2ன்னு இறங்குது. "தம்பி, டைனமோ சார்ஜ் ஏத்தல. ஏத்துனா 13.8லேர்ந்து 14.5 வரைக்கும் நிக்கணும்"னாரு. கழட்டி பாத்தா உள்ள கார்பன் பிரஷ் (சுத்துற காயிலுக்கு கரண்ட் கொடுக்குற கரித்துண்டு) நகம் அளவுக்கு தேஞ்சு கிடக்கு. பிரஷ், வோல்டேஜ கட்டுப்படுத்துற ரெகுலேட்டர், கூலி எல்லாம் சேத்து 1,650 ரூவா. பேரிங், காயில் எல்லாம் நல்லா இருந்துச்சு, 18,000க்கு மாத்த வேண்டிய அவசியமே இல்ல.

அப்ப அந்த "செல் அவுட்டு" கதைய சொன்னேன், பாய் சிரிச்சுட்டாரு. பேட்டரிக்குள்ள ஆறு செல்லு, ஒவ்வொண்ணும் ரெண்டு வோல்ட்டுக்கு கொஞ்சம் மேல, எல்லாம் சேந்துதான் ஃபுல் சார்ஜ்ல 12.6 வருது. ஒண்ணு செத்தா 10.5 பக்கத்துல காட்டும். 11.8ன்னா வெறும் வயித்துல கிடக்குன்னு அர்த்தம், சாப்பாடு போட்டுட்டு டெஸ்ட் பண்ணியிருக்கணும்னாரு. சார்ஜ் இல்லாத பேட்டரிய லோடு டெஸ்டர்ல வச்சா நல்ல பேட்டரி கூட ஃபெயில்தான் ஆகுமாம். அந்த செவப்பு லைட்டும் பேட்டரி படத்த போட்டிருக்காங்களே தவிர, ஓடும்போது எரிஞ்சா சார்ஜ் ஏறலைன்னு சொல்றதாம். புது பேட்டரி எப்படி நாலு நாள் தாக்குப்பிடிச்சுதுன்னு கேட்டேன். பகல்ல ஆபீசுக்கு இருபது நிமிஷம் போயிட்டு வரதுக்கு கடைல ஏத்தி வந்த சார்ஜே போதும், ஹெட்லைட்டும் ஏசியும் சேந்து இழுத்தா ஒரு மணி நேரம் தாங்கினாலே பெருசுன்னாரு.

இன்னொண்ணும் சொன்னாரு, ஜம்பர் போட்டு எடுத்த வண்டி கேபிள கழட்டுன கொஞ்ச நேரத்துல தடுமாறி நின்னா டைனமோ பக்கம் பாருங்க, நாள் பூரா நல்லா ஓடிட்டு மறுநாள் காலைல எடுக்கலைன்னா பேட்டரி, இல்ல ராத்திரில எதோ கரண்ட திருடுது (வெளில மாட்டுன ஸ்டீரியோ, டேஷ்கேம் மாதிரி). டெர்மினல்ல வெள்ளையா பூத்திருந்தா அத சுத்தம் பண்ணாம எதையும் மாத்தாதீங்க. வண்டி ஓடும்போது டெர்மினல கழட்டி டெஸ்ட் பண்றேன்னு யாராச்சும் வந்தா கிட்ட விடாதீங்க, அந்த காலத்து அம்பாசடர்ல செஞ்ச வேலை அது, இப்ப உள்ள வண்டில வோல்டேஜ் எகிறி ஈசியூவே (இன்ஜின ஓட்டுற கம்ப்யூட்டர்) போயிடும். சில புது வண்டில கம்ப்யூட்டரே சார்ஜ ஏத்தி இறக்குமாம், அதுல ஒரு தடவ கம்மியா காட்டுனதும் பயப்படாதீங்க, லைட்டு ஏசி எல்லாம் போட்டு கொஞ்ச நேரம் பாக்கணும்.

மறுநாள் அந்த பேட்டரி கடைக்கு போய் என் பழைய பேட்டரிய குடுங்கன்னு கேட்டேன். "அது ஸ்கிராப் வண்டில போயிடுச்சே சார்"னாரு. காசு திருப்பி கேட்டா, "புது பேட்டரி நல்லாதானே சார் இருக்கு, லைட்டு எரியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க"ங்கிறாரு. பில்லுல பழைய பேட்டரி நம்பர் கூட எழுதல, அத நான் கவனிக்காம கையெழுத்து போட்டுட்டு வந்திருக்கேன். வாரண்டி கார்டு இன்னும் வண்டிக்குள்ளதான் கிடக்கு, அதுக்கு பக்கத்துல இப்ப ஒரு மீட்டரும் வாங்கி போட்டிருக்கேன். காலைல பாத்தேன், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 12.5, பண்ணுனதும் 14.2.