கேத்தாம் தடம்: பாதை பிரமாதம், வாடகை சைக்கிளைத்தான் பார்த்து எடுக்க வேண்டும்

சிங்கப்பூரில் அரை நாளில் காட்டுப் பாதை ஒன்றை ஓட்டிவிட்டுத் திரும்ப புலாவ் உபின் தீவின் கேத்தாம் மலை சைக்கிள் பூங்கா போதும். 2008இல் திறந்தது, பரப்பு 45 ஹெக்டர். தண்ணீர் நிரம்பிய பழைய கருங்கல் குவாரியைச் சுற்றி ஏறி இறங்கும் பாதை. மேட்டில் நின்றால் கீழே பச்சைத் தண்ணீர், அந்தப் பக்கம் ஜொகூர் நீரிணை.

சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சொந்த சைக்கிள் கொண்டுபோனால் அதற்கு இன்னும் 2. சில்லறையாக வைத்திருங்கள். உபினில் இறங்கி இடது பக்கம், மேற்கே போகும் சாலையைப் பிடிக்க வேண்டும். வலது பக்கம் போனால் செக் ஜாவா சதுப்பு நிலம் வந்துவிடும்.

இறங்கியதும் வாடகைக் கடைகள். பாதைக்கு நான் தரும் மதிப்பெண்ணை இவற்றுக்குத் தர மாட்டேன். இங்கே பல வண்டிகள் தார்ச்சாலைக்குத் தோதானவை. டயரில் காற்றைக் கல்லு மாதிரி அடித்து வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட டயர் சரளைமேல் உருண்டு நழுவும், வேர்மேல் பட்டால் எகிறும். சுமார் 70 கிலோ எடை உள்ளவருக்கு, டியூப் போட்ட அகல டயரில் காற்றழுத்தம் 30 முதல் 35 பிஎஸ்ஐ சரி. அதற்கும் கீழே இறக்கினால் கல் விளிம்பில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்புக் கடி மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

பணம் கொடுக்கும் முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். பிடி ஹேண்டில்பார் வரை வந்து தொட்டால் வேறு வண்டி கேளுங்கள். எந்தக் கைப் பிடி முன் சக்கரத்துக்கு என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். பெடலை அழுத்தி மிதித்து, கியர் தானாகத் தாவுகிறதா என்று சோதியுங்கள். ஹெல்மெட் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பாதை எவ்வளவு கடினம் என்று காட்டும் பலகைகள் பூங்காவில் தெளிவு: நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் மிகக் கடினம். நீலம் என்றால் குழந்தை விளையாட்டு என்று நினைத்து வருபவர்கள்தான் முதல் இறக்கத்தில் விழுகிறார்கள். சரளை வளைவில் பிரேக் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கிப் போகும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, வளையும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். இறக்கத்தில் சீட்டை நாலு விரற்கடை தாழ்த்தி, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க எழுந்து நின்று, உடம்பைப் பின்னால் தள்ளுங்கள். ஏற்றத்திலோ, மேடு தொடங்கும் முன்னே லேசான கியருக்கு மாறுங்கள். பாதி மேட்டில் அழுத்தி மிதித்தபடி மாற்றினால் சங்கிலி கழன்றுவிடலாம்.

மழை பெய்த அன்று கறுப்பு வைரத்தை விட்டுவிடலாம். செம்மண் டயர் இடுக்கில் அப்பி பிடிப்பே இருக்காது; ஈர வேர்கள் சோப்பு மாதிரி. வேரைச் சாய்வாக ஏறாமல் நேர் குறுக்காக, பிரேக் தொடாமல் கடக்க வேண்டும்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டால் குரங்கு விடாது. நீலத்தை ஒருமுறை நிதானமாக ஓட்டிப் பார்த்து, இரண்டாம் சுற்றில் கறுப்பைத் தொடலாம். இரட்டை வைரத்துக்கு வாடகை வண்டியில் போகவே வேண்டாம்.