வெள்ளை மண்ணைக் காட்டிப் பணம் பறிக்கும் ‘நிபுணர்’: வேலூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அணைக்கட்டு, குடியாத்தம், காட்பாடி பக்கம் கிணறு வெட்டும்போது வெள்ளை மண் தட்டுப்பட்டால், அந்தச் செய்தி உங்கள் பங்காளிகளை எட்டும் முன்பே ஓர் ஆளை எட்டிவிடுகிறது. கையில் சுத்தியல், கழுத்தில் அடையாள அட்டை, வாய் நிறைய ‘கயோலின்’ (பீங்கான், காகிதம் போன்றவற்றுக்குப் போகும் வெள்ளைக் களிமண்). எங்கள் நிலத்துக்கும் வந்தார். 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டு பக்க அறிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"அண்ணே, ஜடேரி நாமக்கட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அதே மண்தான் இது. காகிதம், பெயிண்ட், பீங்கான், ரப்பர், எதற்கு வேண்டுமானாலும் போகும்" என்றார். செய்யாறு பக்கத்து ஜடேரிக்காரர்கள் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மணலை அடியில் தங்கவிட்டு, மேலே நிற்கும் பாலை மட்டும் வடித்துத் தெளியவைத்துத்தான் கட்டி பிடிக்கிறார்கள். அந்த அக்கறைகூட இவருக்கு இல்லை. கிணற்றுச் சுவரில் எங்கே அதிகம் வெளுத்திருக்கிறது என்று பார்த்து, அங்கே ஒரு கைப்பிடி சுரண்டி பாலிதீன் பையில் போட்டுக்கொண்டார். எத்தனை அடி ஆழம் என்று குறிக்கவில்லை. நிலத்தில் வேறெங்கும் ஒரு குழிகூடத் தோண்டவில்லை. ஆனால் அறிக்கையில் எத்தனை ஆயிரம் டன் இருக்கிறது என்ற கணக்கு மட்டும் வந்துவிட்டது!

அந்த அறிக்கையை நிதானமாகப் பார்த்தால் சிரிப்பு வரும். சிலிக்கா 47.1, அலுமினா 37.8, இரும்பு ஆக்சைடு 0.4, டைட்டானியம் ஆக்சைடு 0.3, சூளையில் சுடும்போது குறையும் எடை 5.2 சதவீதம். கூட்டினால் 90.8. மீதி எங்கே? கயோலினின் முக்கியக் கனிமமான கயோலினைட் சுத்தமாக இருந்தால், அதில் சிலிக்கா சுமார் 46.5, அலுமினா 39.5, நீர் 14 சதவீதம். அலுமினா 37.8 இருந்து, அது கயோலினிலிருந்தே வந்தது என்றால், சுடும்போது குறையும் எடை 13ஐத் தாண்டியிருக்க வேண்டும். யாருடைய தாளையோ பார்த்து எழுதியபோது கை வழுக்கியிருக்கிறது. மாதிரி எண், சர்வே எண் எதுவும் இல்லை. முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது.

ராணிப்பேட்டையில் பீங்கான் தொழிலில் ஊறிய பெரியவர் ஒருவரிடம் மண்ணைக் கொண்டுபோனேன். அவர் தாளைத் தொடவே இல்லை. மண்ணைக் கரைத்து, மிக நுண்ணிய கண்கள் கொண்ட 300 மெஷ் சல்லடையில் ஊற்றிக் கழுவினார். பாதிக்கு மேல் சல்லடையிலேயே நின்றுவிட்டது: மணல், மினுங்கும் அபிரகச் செதில், முழுதாகச் சிதையாத பாறைத் துணுக்கு. கீழே இறங்கியதைக் காயவைத்து, வில்லை தட்டி, சூளையில் சுட்டார். வெளியே வந்தது மங்கிய செங்கல் சாயல். மேலே கடுகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். இரும்பின் வேலை. "பச்சை மண்ணின் வெளுப்பை நம்பாதே தம்பி, சுட்ட பிறகு சொல்லு" என்றார்.

எதற்கு வேண்டுமானாலும் போகும் என்று சொல்லும் அறிக்கை எதற்காகவும் சோதிக்கப்படாதது. காகிதத்துக்குப் பூச்சிடும் ஆலைக்கு வெளுப்பும் நுண்மையும் வேண்டும். துகள்களில் பெரும்பகுதி 2 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும், தண்ணீரில் கலந்த மண் குழம்பு தடையின்றி ஓட வேண்டும். பீங்கான்காரர் சுட்ட நிறத்தையும் சுருக்கத்தையும் பார்ப்பார். உலைச் செங்கல் செய்பவருக்கு எத்தனை டிகிரியில் இளகுகிறது என்பதுதான் முக்கியம். ரப்பருக்குச் செம்பும் மாங்கனீசும் சிறிதளவு இருந்தாலே ஆகாது. ஒரு கைப்பிடி மண்ணில் இவ்வளவையும் பார்த்துவிட்டாராம்!

அடுத்து, சுரங்கக் குத்தகை வாங்கித் தருகிறேன் என்று தனியாகப் பணம் கேட்டார். 2015 பிப்ரவரியில் மத்திய அரசு கயோலினைச் சிறு கனிமமாக அறிவித்துவிட்டது. அதனால் குத்தகை மாநில அரசின் விதிகளுக்குள் வருகிறது. மாவட்டத்தில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்கலாம், தரகர் தேவையில்லை. பட்டா நிலம்தானே என்று அனுமதியில்லாமல் தோண்டி விற்றால் வழக்கு நம் மேல்தான் வரும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "உங்கள் மண் மாறிவிட்டது" என்றார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இப்போது ஆம்பூர் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. வந்தால், கழுவியபோது சல்லடையில் எத்தனை சதவீதம் நின்றது என்று கேளுங்கள். நான் அதைக் கேட்ட பிறகுதான் என் போனை எடுப்பதை நிறுத்தினார்.