ரேன்சம்வேர் தாக்கிய கணினியைக் கடையில் ஃபார்மேட் செய்ய விடாதீர்கள்

போன மாதம் என் அண்ணிக்கு நடந்தது இது. சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாட வகுப்பு எடுப்பவர். மடிக்கணினி மெதுவாக ஓடுகிறதே என்று சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் கேட்காமலேயே திருட்டு ஆபிஸ் மென்பொருளையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்றிரவே விண்டோஸ் அப்டேட் போல ஒரு திரை வந்து நெடுநேரம் ஓடியது. அது போலி. அப்புறம் பார்த்தால் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) பயிற்சித்தாள்கள், குடும்பப் படங்கள், எதுவுமே திறக்கவில்லை. கோப்புப் பெயர்களின் வாலில் புரியாத நான்கு எழுத்து. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு குறிப்பு: 980 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும், 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரலைத்தான் ரேன்சம்வேர் என்பார்கள்; அதில் ‘ஸ்டாப்’ வகையின் அடையாளம் இதுதான். அது பெரும்பாலும் திருட்டு மென்பொருளோடுதான் வந்து சேரும்.

அதே கடைக்குப் போனார். “கவலைப்படாதீங்கக்கா, ஃபைல் எல்லாத்தையும் எடுத்துத் தர்றோம்” என்று 350 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்தது துடைத்து வைத்த கணினி. பூட்டிய கோப்புகள்கூட இல்லை. “வைரஸ் போயிடுச்சில்லக்கா?” என்கிறார் கடைக்காரர். ரசீதில் ‘சர்வீஸ்’ என்று ஒரே சொல்.

எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். பூட்டிய கோப்பு செத்த கோப்பு அல்ல. தாக்கும் நேரத்தில் தன் சர்வரோடு தொடர்பு கிடைக்காவிட்டால், இந்த ரேன்சம்வேர் பலருக்கும் பொதுவான ஒரு சாவியால் பூட்டும். அந்தச் சாவி பின்னாளில் கைக்கு வந்தால் எம்சிசாஃப்ட் நிறுவனத்தின் இலவசக் கருவியே திறந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி என்றால் கஷ்டம்தான். ஆனால் எந்தச் சாவி என்று பார்க்கக்கூட இப்போது வழியில்லை.

ஐரோப்பிய ஒன்றியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் இத்தகைய கருவிகள் இலவசம். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பூட்டிய கோப்புகளையும் மிரட்டல் குறிப்பையும் தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். வேறு கணினியில் அந்தத் தளத்தைப் பாருங்கள். கடையெல்லாம் அப்புறம். பேக்கப் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள், அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அண்ணி சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகிறார். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கிறார்.