கியூப அகதிகளும் சிலி அகதிகளும்: அடக்குமுறை தந்த இருவேறு அரசியல்

1959க்குப் பின் காஸ்ட்ரோவின் இடதுசாரி ஆட்சியிலிருந்து வெளியேறிப் புளோரிடாவில் குடியேறிய கியூபர்களையும், 1973 செப்டம்பர் 11 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் வலதுசாரிச் சர்வாதிகாரி பினோசேயின் ராணுவத்திடமிருந்து தப்பி ஸ்வீடன், பிரிட்டன் போன்ற நாடுகளை அடைந்த சிலியர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அடக்குமுறை அகதிகளை ஒரே பக்கம் தள்ளுவதில்லை என்பது புலப்படும். முன்னவர்களில் பலர் இடதுசாரி வாடை அடித்த எதையும் ஐயுற்று, அமெரிக்கக் குடியுரிமை பெற்றுக் குடியரசுக் கட்சியின் உறுதியான வாக்காளர்களாயினர்; பின்னவர்களோ தாம் சார்ந்திருந்த இடதுசாரிக் கட்சிகளைப் புகலிடத்திலும் உயிர்ப்புடன் வைத்திருந்து, 1998இல் பினோசே லண்டனில் கைதானபோது தெருவில் திரண்டு முழங்கினர்.

ஒடுக்கியவர் பேசிய கொள்கைக்கு எதிர்த்திசையில் ஒடுக்கப்பட்டவர் நடக்கிறார் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது எளிது, ஆனால் எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. முதலில் வந்த கியூபர்களில் பலர் சொத்தை இழந்த வசதி படைத்தோர். சிலியர்களில் பலர் நாட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே கட்சிக்காரர்கள். ஆகவே அடக்குமுறை அவர்களின் சார்பைப் புதிதாகப் படைத்ததைவிட, இருந்ததை இறுக்கியது எனலாம். இரு குழுவிலும், கண்காணிப்புக்குப் பழகிப்போய் ஒரு மனுவில் கையெழுத்திடவும் தயங்கி ஒதுங்கியவர்களும் உண்டு. ஊர்வலப் படங்களில் இல்லாததால் அவர்கள் கணக்கில் வருவதில்லை.